கேரவன் சேஞ்ச்ஓவர் பாக்ஸ் உறுமுது, கான்டாக்டரை மாத்தணுமா?

பென்னாகரம் வேன்:
ஒகேனக்கல்ல நிக்கிற கேரவன். ஈபி, ஜென்செட் (ஜெனரேட்டர்) ரெண்டுக்கும் நடுவுல தானா மாத்திவிடுற ஆட்டோமேட்டிக் சேஞ்ச்ஓவர், ஆளுக்கொரு 25 ஆம்ப் கான்டாக்டர் (காயில் காந்தமாகி இழுத்து மூடுற சுவிட்ச்). ஈபியில இருக்கும்போது பாக்ஸ் உறுமுது. ஏசி கம்ப்ரசர் எடுக்கும்போது கடகடன்னு அடிக்குது. ஜென்செட்ல சத்தமே இல்ல. லாட்ஜ் பிளக்ல இருந்து 40 மீட்டர், 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர். கான்டாக்டரை மாத்திடலாமா?

ஓசூர் பேனல்:
அவசரப்படாதீங்க சார். முதல்ல ஈபி கான்டாக்டர் காயிலோட ஏ1, ஏ2 முனையில மீட்டர் வெச்சு, சும்மா இருக்கும்போது ஒண்ணு, ஏசி எடுக்கும்போது ஒண்ணு அளந்து சொல்லுங்க. 230 வோல்ட் காயில் 85 சதவீதம், அதாவது 195-க்கு மேல வந்தாத்தான் உறுதியா இழுக்கும். அதுக்குக் கீழ ஆர்மேச்சர், அதாவது காந்தம் இழுக்கிற அசையும் இரும்பு, சரியா உட்காராது, உறுமும். அப்படியே விட்டா காயில் பல மடங்கு கரண்ட் இழுத்து எரிஞ்சிடும். கான்டாக்ட் அடிச்சு அடிச்சு ஒட்டிக்கிட்டா, ஜென்செட்டுக்கு மாறவும் மாறாது.

காவேரிப்பட்டணம் ஒயர்மேன்:
ஜென்செட்ல சத்தம் இல்லங்கிறதை நம்பாதீங்க, அது வேற கான்டாக்டர். வோல்ட்டேஜ் 220 இருந்தும் உறுமினா கோளாறு உள்ளேதான். பிளக்கைப் பிடுங்கி, ஜென்செட், இன்வெர்ட்டர் எல்லாத்தையும் அணைச்சு, மீட்டர்ல பூஜ்யம் பார்த்துட்டுத்தான் கழட்டணும். காயில் மேல 415-னு போட்டிருக்கான்னு பாருங்க, தப்பா மாட்டின காயிலும் இப்படித்தான் உறுமும். காந்த முகத்துல பதிச்சிருக்கிற சின்ன செம்பு வளையம் விரிசல் விட்டிருந்தா கான்டாக்டரை மாத்தியே ஆகணும். கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யம் தொடும்போது ஆர்மேச்சரைப் பிடிச்சு வெக்கிறது அந்த வளையம்தான். தூசி, துரு இருந்தா காய்ஞ்ச துணியால துடைங்க. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். நடு முகத்துல வேணும்னே விட்ட இடைவெளி தேய்ஞ்சு போனா, கரண்ட் போன பிறகும் விடாம ஒட்டிக்கும்.

பென்னாகரம் வேன்:
சும்மா 212, ஏசி எடுக்கையில 178. பிளக் பக்கம் ஒயர் நல்லாச் சுடுது.

ஓசூர் பேனல்:
அப்ப ஒயர்தான். போக வர 80 மீட்டர், கிட்டத்தட்ட 1 ஓம். 12 ஆம்ப்புக்கே 12, 13 வோல்ட் போயிடும், கம்ப்ரசர் எடுக்கையில இன்னும் பல மடங்கு. 4 ஸ்கொயர் போட்டா அதே 12 ஆம்ப்புக்கு 5 வோல்ட்தான் குறையும். 16 ஆம்ப் பிளக்கையும் மாத்துங்க, பின் பழுப்பேறியிருந்தா சாக்கெட்டும் போச்சு. ஒயரை உருளையில சுத்தி வெச்சபடி ஓட்டாதீங்க, சூடு வெளியேறாம உறை உருகும். மாத்தினதும் மறுபடி அளங்க. 195 தாண்டியும் உறுமினா ஒயர்மேன் அண்ணன் சொன்ன வளையத்தைப் பாருங்க.