போட்டி நாள் காலையில் மட்டும் மகளுக்கு வயிற்று வலி: நான் அதிகமாகத் தள்ளுகிறேனா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. 7 வயதில் நீச்சல் கற்கத் தொடங்கினாள். உதடு நீலம் பாரித்த பிறகும் தண்ணீரை விட்டு வெளியே வராமல், "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கெஞ்சிக்கொண்டிருந்த குழந்தை அவள். இரு கைகளையும் ஒன்றாக வீசி நீந்தும் பட்டர்ஃப்ளை முறை அவளுக்கு இயல்பாகவே வருகிறது என்று பயிற்சியாளர் சொன்ன நாளிலிருந்து, எங்கள் வீட்டில் உறக்கம், உணவு, விடுமுறை எல்லாமே அவளுடைய பயிற்சி நேரத்தைச் சுற்றி அமைந்துவிட்டன.

கடந்த மூன்று மாதங்களாகப் போட்டி நாள் காலையில் மட்டும் அவளுக்கு வயிறு வலிக்கிறது. போட்டி முடிந்ததும் வலி தானாகவே போய்விடுகிறது. பயிற்சிக்கு வர அவள் மறுப்பதில்லை, அழுவதும் இல்லை. அவளுடைய டைமிங் மோசமாகவில்லை என்றாலும் ஆறு மாதமாக அதே இடத்தில் நிற்கிறது. நான் ஒவ்வொரு பயிற்சியின்போதும் குளத்தின் ஓரத்தில் ஸ்டாப்வாட்சுடன் அமர்ந்து, அவளுடைய நேரங்களை ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். தன் சிறந்த நேரத்தை அவள் முறியடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பரிசு என்ற ஏற்பாடும் உண்டு. இவற்றை ஊக்கம் என்றே நினைத்திருந்தேன். இவைதாம் அந்த வயிற்று வலி என்கிறார் என் மனைவி.

இதற்கிடையே அவளை மூத்தவர்களின் குழுவுக்கு மாற்றலாம் என்று பயிற்சியாளர் கூறுகிறார். அங்கே வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, அவற்றில் இரண்டு நாள் காலையிலும் மாலையிலும். பிடியைத் தளர்த்தினால் சோம்பிவிடுவாளோ, தளர்த்தாவிட்டால் நீச்சலையே வெறுத்துவிடுவாளோ என்று இரு பக்கமும் அஞ்சிக்கொண்டிருக்கிறேன். திறமையுள்ள ஒரு குழந்தையை எந்த அளவுக்குத் தள்ளலாம்?

பதில் 1 (ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளர்)

ஐயா, முதலில் அந்த ஆறு மாதத் தேக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் கவலையின் பாதி அதிலிருந்துதான் வருகிறது என்று தோன்றுகிறது. இந்த வயதில் உடல் மிக வேகமாக நீள்கிறது. கை கால்களின் நீளமும் எடையும் மாறும்போது, நேற்று வரை தானாக அமைந்த கைவீச்சு இன்று குலைந்துவிடும். பட்டர்ஃப்ளையில் இது பளிச்சென்று தெரியும். உடலின் அலையசைவும் கைகள் தண்ணீருக்குள் இறங்கும் கணமும் சற்றுப் பிசகினாலும், எவ்வளவு வலிமையாக நீந்தினாலும் வேகம் கிடைக்காது. மேலும், பிறந்த ஆண்டு ஒன்றாக இருந்தாலும் குழந்தைகளின் உடல் வளர்ச்சி ஒன்றாக இருப்பதில்லை. சில சிறுமிகளுக்குப் பூப்புக்கால வளர்ச்சி 9 வயதிலேயே தொடங்கிவிடும், சிலருக்கு 12 வயதுக்குப் பிறகுதான். இந்த வயதுப் பிரிவுகளில் முதலில் வளர்ந்தவர்கள் பதக்கங்களை அள்ளுவதும், பின்னர் மற்றவர்கள் அவர்களை எட்டிப்பிடிப்பதும் நான் ஆண்டுதோறும் பார்த்த காட்சி. ஆகவே டைமிங் நிற்கிறது என்பதை வைத்து அவளுடைய உழைப்பை அளக்காதீர்கள்.

அடுத்தது ஸ்டாப்வாட்ச். பயிற்சியாளரிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கும். ஒரு குளத்துக்கு அது போதும். நீங்களும் ஒன்றை வைத்திருக்கும்போது அந்தக் குழந்தை ஒரே பயிற்சியில் இரண்டு தேர்வுகளை எழுதுகிறாள்.

பரிசைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர், ஓவியம் வரைவதில் இயல்பாகவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். சில நாட்களுக்குப் பிறகு, வரைவதா வேண்டாமா என்பதைக் குழந்தைகளின் விருப்பத்துக்கே விட்டபோது, அந்தப் பகுதியினர் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. உங்கள் மகள் நீந்த விரும்பியதற்குப் பரிசு காரணமே இல்லை என்பதை உங்கள் கேள்வியின் முதல் பத்தியே சொல்கிறது.

அப்படியானால் இலக்கே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அது அவள் கையில் இருக்கும் பொருளாக இருக்கட்டும். பக்கத்து லேனில் நீந்துபவள் எவ்வளவு வேகமாக வருவாள் என்பது உங்கள் மகளின் கையில் இல்லை. சுவரைத் தொட்டுத் திரும்பிய பிறகு தண்ணீருக்கடியில் இரு கால்களையும் சேர்த்து அடிக்கும் டால்பின் உதைகள் எத்தனை கொடுக்கிறாள், கடைசிச் சில மீட்டரில் மூச்சுக்காகத் தலையைத் தூக்காமல் வருகிறாளா என்பவை முழுக்க அவள் கையில் இருக்கின்றன. போட்டிக்கு முன் இப்படி ஒன்றே ஒன்றை அவளே தேர்ந்தெடுத்துப் பயிற்சியாளரிடம் சொல்லட்டும். அது நிறைவேறியதா என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

கடின உழைப்பைக் கண்டு குழந்தைகள் ஓடுவதில்லை. அமெரிக்காவில் கால்பந்து ஆடும் சிறுவர் சிறுமியரிடம், விளையாட்டில் மகிழ்ச்சி தருவது எது என்று ஆராய்ந்து 81 காரணங்களைத் தொகுத்தார்கள். அவற்றில் முன்னணியில் நின்றவை முழு முயற்சியோடு ஆடுவது, குழுவினரிடையே நல்லுறவு, பயிற்சியாளர் நடந்துகொள்ளும் நல்ல விதம் ஆகியவை. பயிற்சி கடினமாக இருக்கலாம், ஐயா. அதன் முடிவை வைத்து வீட்டில் யாருடைய முகமும் மாறக் கூடாது.

பதில் 2 (இரு பிள்ளைகளின் தாய்)

மேலே உள்ள பதிலில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடுதான். எனினும் எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். என் மூத்த மகன் 10 வயதில் டேபிள் டென்னிஸைத் தொடர மாட்டேன் என்றபோது, குழந்தையின் மகிழ்ச்சிதான் பெரிது என்று எண்ணி அன்றே நிறுத்திவிட்டேன். அதன் பிறகு அவன் தொட்டதையெல்லாம் கடினமாகத் தொடங்கிய மாதத்திலேயே விட்டுவந்தான். 16 வயதில் ஒரு நாள், "அன்றைக்கு என்னை ஏன் அம்மா நிறுத்த விட்டீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இளையவளுக்கு ஒரு விதி வைத்தேன். எந்த விளையாட்டில் சேருவது என்பது அவள் முடிவு. சேர்ந்த பிறகு அந்தப் போட்டிப் பருவம் முடியும் வரை விடக் கூடாது. பருவம் முடிந்தபின் தொடர்வதா என்பது மறுபடியும் அவள் முடிவு. தோற்ற நாளின் மாலையில் எந்த முடிவும் எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டோம். காயம், பயிற்சியாளரின் தகாத நடத்தை போன்றவற்றுக்கு இந்த விதி பொருந்தாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. குழந்தையின் சிணுங்கலையெல்லாம் அழுத்தம் என்று எண்ணி அஞ்சவும் வேண்டாம். உங்கள் மகளின் வயிற்று வலி அந்த வகையைச் சேர்ந்தது என்று நான் சொல்லவில்லை.

பதில் 3 (முன்னாள் வீராங்கனை)

நான் 13 வயதில் என் பிரிவில் முதலிடத்தில் இருந்த ஓட்ட வீராங்கனை. 15 வயதில் நிறுத்திவிட்டேன். என் தந்தை ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அழுத்தம் என்றால் அதட்டல் என்றே பலரும் எண்ணுகிறார்கள். வென்ற நாளில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் ஓயாமல் பேசிக்கொண்டு வருவார், தோற்ற நாளில் சாலையை மட்டும் பார்த்தபடி வண்டி ஓட்டுவார். வென்றால் "நாம் ஜெயித்துவிட்டோம்" என்பார். தோற்றால் "நீ கடைசி வளைவில் விட்டுவிட்டாய்" என்பார். இந்த "நாம்", "நீ" வேறுபாட்டை அவர் உணர்ந்து செய்தார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கும்போது என் மனத்தில் ஓடியது எந்த இடம் பிடித்தேன் என்பதல்ல, இன்று வண்டியில் பேச்சு இருக்குமா என்பதுதான்.

உலகறிந்த எடுத்துக்காட்டு ஜெனிஃபர் காப்ரியாட்டி. 1990இல், 14 வயது நிறைவதற்கு முன்பே தொழில்முறை டென்னிஸில் நுழைந்து, 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே, இன்னும் 20 வயதைத் தொடாத நிலையில், ஆட்டத்தைவிட்டு விலகினார். மகளிர் டென்னிஸில், இளம் வயதினர் ஓர் ஆண்டில் எத்தனை தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாம் என்பதற்கு 1990களின் நடுப்பகுதியில் கடுமையான வரம்பு வந்ததற்கு அவருடைய அனுபவமும் ஒரு காரணம். பின்னர் அவர் திரும்பி வந்து 2001இல் ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றது வேறு கதை. என்னைப் போன்றவர்களில் பெரும்பாலோர் திரும்புவதில்லை.

உங்களிடம் ஒரு கோரிக்கை. போட்டி முடிந்து வீடு திரும்பும்போது நீச்சலைப் பற்றி நீங்களாக எதுவும் கேட்காதீர்கள். அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் வேறு எதையாவது, வழக்கமான குரலில் பேசுங்கள்.

பதில் 4 (குழந்தை மருத்துவர்)

மற்றவர்கள் சொன்னதற்கு மேல் மருத்துவக் கோணத்தில் சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். பதற்றத்தால் வரும் வயிற்று வலி உண்மையான வலி. குழந்தை நடிக்கிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். போட்டி நாட்களில் மட்டும் வந்து தானே நீங்குவதால் பதற்றமே காரணமாக இருக்கலாம். என்றாலும் ஒருமுறை நேரில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எடை குறைதல், இரவில் வலியால் விழித்தல், உணவைத் தவிர்த்தல் போன்றவை தென்பட்டால் தாமதிக்க வேண்டாம்.

மூத்தவர்களின் குழு பற்றி: அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி 2016இல் வெளியிட்ட அறிக்கை, ஒரே விளையாட்டில் முழுமையாக இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுவது நல்லது என்கிறது. வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு நாள் ஓய்வும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதம், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, அந்த விளையாட்டிலிருந்து விடுமுறையும் வேண்டும் என்கிறது. விடுமுறை என்றால் படுத்திருப்பது அல்ல. வேறு எதையாவது விளையாடலாம். பட்டர்ஃப்ளை நீந்துபவர்களின் தோள்பட்டை ஒரே அசைவை ஆயிரக்கணக்கான முறை செய்கிறது என்பதையும், வளரும் எலும்பின் நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு இத்தகைய திரும்பத் திரும்ப வரும் சுமைக்கு எளிதில் பாதிக்கப்படும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

ஓய்வு கொடுத்தால் பின்தங்கிவிடுவாள் என்ற அச்சத்துக்கு நார்வேயை எண்ணிப் பார்க்கலாம். அங்கே 1987 முதலே குழந்தைகள் விளையாட்டுக்குத் தனி விதிமுறைகள் உண்டு. இன்றைய விதிப்படி 11 வயதுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடுவதில்லை. தேசிய அளவிலான சாம்பியன் பட்டப் போட்டிகள் 13 வயதிலிருந்துதான். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் அந்தச் சிறிய நாடு 39 பதக்கங்கள் பெற்றது. பனியும் பழக்கமும் அதற்குப் பெருங்காரணம் என்பது உண்மைதான். ஆனால் தாமதமாகத் தரம் பிரித்ததால் அவர்கள் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. மூன்றாவது பதிலைப் படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அந்த "நாம்", "நீ" இரண்டும் என் வாயிலும் இருந்திருக்கின்றன.

நேற்று மாலை, நீச்சலுக்குத் தொடர்பில்லாத ஒரு வேலையைச் சேர்ந்து செய்துகொண்டிருந்தபோது, போட்டியில் அவளுக்கு மிகப் பிடித்த நொடி எது, பிடிக்காத நொடி எது என்று மகளிடம் கேட்டேன். பிடித்தது, குதித்த பிறகு தண்ணீருக்குள் எந்தச் சத்தமும் கேட்காத அந்தச் சிறு இடைவெளியாம். பிடிக்காதது, சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கும் நொடியாம். ஏன் என்றேன். "நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்க மாட்டேன் அப்பா, உங்கள் முகத்தைத்தான் பார்ப்பேன்" என்றாள்.

ஸ்டாப்வாட்சை அவளிடமே கொடுத்துவிட்டேன். தண்ணீருக்குள் மூச்சடக்கும் நேரத்தைத் தோழிகளோடு அளந்து விளையாடப் போகிறாளாம். பரிசு ஏற்பாட்டையும் நிறுத்திவிட்டேன், இதில் மட்டும் அவளுக்குச் சிறிது வருத்தம். மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறோம். மூத்தவர்களின் குழு வேண்டாம், இப்போதிருக்கும் குழுவிலேயே நான்கு நாள் வருகிறேன், ஆனால் சுவரைத் தொட்டுத் திரும்பும் டர்ன் மட்டும் அவர்களோடு சேர்ந்து கற்க முடியுமா என்று கேட்கச் சொன்னாள். நாளை பயிற்சியாளரிடம் அவளே கேட்கிறாள். நான் வாசலில் நிற்பேன்.

பதில் 1இன் தொடர்ச்சி

அவள் கேட்டிருப்பது நல்ல கேள்வி, ஐயா. பயிற்சியாளர் தயங்கினால், வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் பயிற்சியின் முதல் அரை மணி நேரம், உடல் களைப்படைவதற்கு முன் அவர்களோடு சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். டர்னைக் களைத்த உடலோடு கற்றால் பிழையும் சேர்ந்தே படிந்துவிடும்.