இங்கிலாந்துப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை: சி.வி.யில் எதை எழுதுவது, எதை விடுவது

புதிதாக இங்கிலாந்துக்கு வந்திருக்கும் நம் ஆசிரியர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். எம்.எஸ்சி., பி.எட்., பத்தாண்டு அனுபவம் எல்லாம் இருக்கிறது, சி.வி. அனுப்பிய எந்தப் பள்ளியிலிருந்தும் பதில் இல்லை, ஏன்? கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் ஆள் கிடைக்காமல் இங்குள்ள பள்ளிகள் திண்டாடிக்கொண்டிருக்க, அதே பாடங்களைக் கற்பித்தவர்கள் கிடங்குகளில் பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு ஆற்றவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன்; எங்கள் துறைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து நேர்காணலுக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களில் ஒருவர். நம்மவர்களின் சி.வி.யில் பட்டங்கள் தெரிகின்றன, வகுப்பறை தெரிவதில்லை. குறை பெரும்பாலும் அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியின் மின்னஞ்சலுக்கு வெறும் சி.வி. அனுப்பினால் அது எங்கும் போய்ச் சேராது. குழந்தைகள் பாதுகாப்புக்காகக் கல்வித்துறை ஒரு சட்டபூர்வ வழிகாட்டி வைத்திருக்கிறது. பொதுவாக ஆண்டுதோறும் செப்டம்பரில் அது புதுப்பிக்கப்படும். சி.வி.யை மட்டும் வைத்து ஆள் எடுக்கக்கூடாது, முழு விண்ணப்பப் படிவத்தோடு வந்தால்தான் ஏற்கலாம் என்று அது சொல்கிறது. அப்படியானால் சி.வி. எதற்கு? பகுதிநேர, மாற்று ஆசிரியர்களை அனுப்பும் சப்ளை ஏஜென்சிகள் அதைத்தான் முதலில் கேட்கும். புதிதாக வந்தவர்களில் பலர் பள்ளிக்குள் கால் வைப்பதே அந்த வழியாகத்தான். அது போக, நன்றாக எழுதிய சி.வி. ஒன்று கையில் இருந்தால் ஒவ்வொரு பள்ளியின் படிவத்தையும் அதிலிருந்தே நிரப்பலாம். காலியிடங்களைப் பார்க்க ‘டீச்சிங் வேகன்சீஸ்’ என்ற அரசு இணையதளம் இருக்கிறது, இலவசம்.

பாதுகாப்பு வழிகாட்டியைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பள்ளிப் படிப்பை முடித்த நாளிலிருந்து இன்றுவரை உங்கள் காலம் முழுவதற்கும் இங்கே கணக்கு வேண்டும். ‘2015–2018’ என்று ஆண்டு மட்டும் போட்டால் போதாது. மாதமும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். குழந்தை பிறந்து வீட்டில் இருந்த காலம், மாமியாரைக் கவனித்துக்கொண்ட காலம், விசாவுக்குக் காத்திருந்த காலம் எல்லாவற்றையும் ஒற்றை வரியில் உள்ளபடி எழுதுங்கள். ‘ஜூன் 2019 – மே 2021: குழந்தை வளர்ப்பு, முழுநேரம்’ என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. நம் ஊரில் இடைவெளியை மறைக்கப் பார்ப்போம். இங்கே மறைக்கப்பட்ட இடைவெளியைக் கண்டால் பள்ளிக்குச் சந்தேகம் வரும், வரவும் வேண்டும். விளக்கப்பட்ட இடைவெளியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது பதவிப் பெயர். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளிலிருந்து வருகிறவர்கள் ‘பி.டி. அசிஸ்டென்ட்’, ‘பி.ஜி. அசிஸ்டென்ட்’ என்று ஆணையில் இருப்பதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். இங்கே அசிஸ்டென்ட் என்றால் ஆசிரியருக்கு உதவியாக வகுப்பில் அமரும் பணியாளர். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்த முதுகலை ஆசிரியரை, ஒரு குழந்தையின் பக்கத்தில் அமர்ந்து உதவியவர் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். ‘இயற்பியல் ஆசிரியர், 16–18 வயது’ என்று பெரிதாக எழுதுங்கள்; அதிகாரபூர்வப் பதவிப் பெயரை அடுத்த வரியில் சிறிதாகக் குறிப்பிடலாம். வகுப்பு எண்ணையும் வயதாக மாற்றி எழுதுங்கள். இங்கே கீ ஸ்டேஜ் 3 என்பது 11 முதல் 14 வயது. கீ ஸ்டேஜ் 4 என்பது 14 முதல் 16, ஜி.சி.எஸ்.இ. என்ற பொதுத்தேர்வுக்குத் தயாராகும் கட்டம். அதற்கு மேல் ஏ லெவல். நம் பிளஸ் டூவை ஏ லெவல் வயதுப் பிரிவு என்று குறிப்பிட்டால் படிப்பவர் உடனே புரிந்துகொள்வார்.

இனி, சி.வி.யின் உயிர்நாடியான பகுதி. அனுபவம் என்ற தலைப்பின் கீழ் நம்மவர்கள் எழுதுவது இப்படி இருக்கும்: ‘பத்தாம் வகுப்புக்குக் கணிதம் கற்பித்தேன். தொடர்ந்து நூறு சதவீதத் தேர்ச்சி.’ ஊரில் இந்த ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். அதற்காக மாலை வகுப்பும் சனிக்கிழமை வகுப்பும் எடுத்துத் தொண்டை வறண்டவர்கள் நீங்கள். ஆனால் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி என்பதோ, அந்த 35ஐத் தொட முடியாமல் இருந்த பிள்ளைகளை நீங்கள் எப்படிக் கரையேற்றினீர்கள் என்பதோ இங்குள்ள தலைமையாசிரியருக்குத் தெரியாது. எங்கே தொடங்கிய மாணவர் எங்கே வந்து சேர்ந்தார், இடையில் ஆசிரியர் என்ன செய்தார் என்பதைத்தான் இவர்கள் தேடிப் படிக்கிறார்கள்.

அதே வரியை ஆங்கிலத்தில் இந்தப் பொருள்பட எழுதிப் பாருங்கள்: ‘14–15 வயது மாணவர்கள் 46 பேர் கொண்ட வகுப்பு, மாநிலப் பொதுத்தேர்வுக்கான கணிதம். காலாண்டுத் தேர்வில் 12 பேர் தேர்ச்சி பெறவில்லை. விடைத்தாள்களைப் பார்த்ததில் பெரும்பாலோர் இயற்கணிதத்தில் குறியீட்டுப் பிழை செய்தது தெரிந்தது. ஒவ்வொரு பாடத்தின் தொடக்கத்திலும் முந்தைய பாடங்களிலிருந்து ஐந்து நிமிடக் கேள்விகள் கொடுத்தேன். வாரம் ஒருமுறை அந்த 12 பேருடன் தனியாக அமர்ந்தேன். பொதுத்தேர்வில் 12 பேரும் தேர்ச்சி; அவர்களில் எட்டுப் பேர் 50க்கு மேல்.’ இது மாதிரிதான். எண்கள் உங்களுடையவையாக, உண்மையானவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் நேர்காணலில் அதைப் பற்றித்தான் துருவித் துருவிக் கேட்பார்கள். பாடத் தொடக்கத்தில் பழையதைக் கேட்டு நினைவூட்டும் அந்த ஐந்து நிமிடப் பழக்கத்தை இங்கே ரிட்ரீவல் பிராக்டிஸ் என்று சொல்லிப் பெரிதாகப் பேசுவார்கள். நீங்கள் பல ஆண்டுகளாகப் பெயரில்லாமல் செய்துவந்ததுதான். இங்குள்ளவர்களுக்குப் பழகிய பெயரில் எழுதுங்கள்.

46 பேர் என்ற எண்ணையும் விடாதீர்கள். இங்கே வகுப்புக்குப் பொதுவாக 30 பேர் வரைதான். அத்தனை பெரிய வகுப்பை நடத்தியவர் என்பது தன்னளவிலேயே ஒரு செய்தி. ஆனால் எப்படி நடத்தினீர்கள் என்று சொல்லும்போது கவனம் தேவை. ‘கண்டிப்பான ஆசிரியர்’ என்பது நம் ஊரில் பாராட்டு. இங்கே அரசுப் பள்ளிகளில் உடல்தண்டனையை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. கண்டிப்பு, கட்டுப்பாடு என்ற சொற்கள் மட்டும் தனியாக நின்றால் படிப்பவர் நெற்றி சுருங்கும். மாணவர்கள் உள்ளே வரும்போதே பலகையில் வேலை தயாராக இருக்கும், கையுயர்த்திப் பேசும் வழக்கத்தை முதல் வாரத்திலேயே பழக்கினேன், பெற்றோருக்குக் குறைகளை மட்டுமல்லாமல் நல்ல செய்திகளையும் சொல்லி அனுப்பினேன் என்று செயலாகச் சொல்லுங்கள். குழந்தைகள் பாதுகாப்பு பற்றியும் இரண்டு வரி இருக்கட்டும். ஒரு குழந்தை உங்களிடம் தனக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னால் ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக்கூடாது. கேட்டதை அப்படியே எழுதிவைத்து, பள்ளியில் அதற்கென நியமிக்கப்பட்ட பொறுப்பாளரிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும். இது தெரியும் என்பதைக் காட்டாத விண்ணப்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேறாது.

எடுத்துவிட வேண்டியவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். புகைப்படம், பிறந்த தேதி, தந்தை பெயர், கணவர் பெயர், மதம், சாதி, திருமண நிலை, பாஸ்போர்ட் எண் எதுவும் வேண்டாம். ‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற இறுதி வாசகமும் கையெழுத்தும் வேண்டாம். ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்ற பொது நோக்கப் பத்தியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் பாடம், வயதுப் பிரிவு, ஆண்டுகள், வேலை செய்யும் உரிமை என நான்கே வரிகள் போடுங்கள். துணைவர் விசாவில் வந்தவர்கள் ‘முழு வேலை உரிமை உண்டு, ஸ்பான்சர் தேவையில்லை’ என்பதை முதல் பக்கத்தின் மேலேயே எழுத வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தைக் கண்டதும் விசாச் செலவை நினைத்துத் தயங்குகிற பள்ளிகள் உண்டு. அந்தத் தயக்கத்தை அந்த ஒரு வரி போக்கிவிடும். மொத்தம் இரண்டு பக்கம்.

பரிந்துரையாளர் விஷயத்தில் நம்மவர்கள் படும் பாடு தனி. ஊரிலிருந்து கிளம்பும்போது தலைமையாசிரியரிடம் முத்திரை குத்திய நற்சான்றிதழ் வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவருகிறோம். இங்கே அது செல்லாது. பொதுவாக எழுதப்பட்ட சான்றிதழ்களை நம்பக்கூடாது, பள்ளி தானே நேரடியாகப் பரிந்துரையாளரைத் தொடர்புகொண்டு பெற வேண்டும் என்பதே விதி. அதுவும் பெரும்பாலும் நேர்காணலுக்கு முன்பே கேட்டுவிடுவார்கள். சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து வந்தால் சரிபார்க்கத் தொடங்குவார்கள். பள்ளியின் அதிகாரபூர்வ முகவரி வேண்டும். ஆகவே சி.வி.யில் பெயரைப் போடுவதற்கு முன்பே உங்கள் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். ‘ஐயா, இங்கிலாந்திலிருந்து ஒரு படிவம் வரும், நான் குழந்தைகளோடு பணியாற்றத் தகுந்தவர்தானா, என் மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று கேட்பார்கள், இரண்டு மூன்று நாளில் பதில் அனுப்பினால் பேருதவி, ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்’ என்று சொல்லிவையுங்கள். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் இப்போது பொறுப்பில் இருப்பவரிடம் பேசி, உங்கள் பணிப் பதிவேட்டைப் பார்த்துப் பதில் தர ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். நேர்காணல் நன்றாகச் செய்தும், இந்த ஒரு பதில் வராததால் வேலை கைநழுவிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

தகுதிச் சான்று பற்றிச் சுருக்கமாக: இங்கிலாந்தில் ஆசிரியர் தகுதி நிலையைக் கியூ.டி.எஸ். என்பார்கள். 2023 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட மேலும் சில நாடுகளின் ஆசிரியர்களும் இதற்கு நேரடியாக விண்ணப்பிக்க வழி திறந்தது. இந்தியர்களுக்கு 11 முதல் 16 வயதுக்குக் கணிதம், அறிவியல், மொழிப் பாடங்கள் கற்பிக்கத் தகுதி பெற்றவர்கள் என்ற வரம்போடு. நிபந்தனைகள் மாறக்கூடியவை, அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பித்துக் காத்திருந்தால் ‘விண்ணப்பம் பரிசீலனையில்’ என்று மாதத்தோடு எழுதுங்கள். பட்டங்களின் ஒப்பீட்டுச் சான்றை எக்டிஸ் என்ற அமைப்பு தருகிறது. சப்ளை ஏஜென்சிகள் அதைக் கேட்பது வழக்கம். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் பதிவு முறை வேறு.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் தொண்டு செய்பவர்கள் அதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். இந்த நாட்டில் வளரும் குழந்தைகளோடு பழகியிருக்கிறீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி. இந்த நாட்டிலேயே ஒரு பரிந்துரையாளரும் கிடைப்பார். தொண்டர்களுக்கு டி.பி.எஸ். குற்றப்பின்னணிச் சான்றும் அரசுக் கட்டணமின்றிக் கிடைக்கும்.

தனியாக எழுதிக் கேட்ட இருவருக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

தொடக்கப் பள்ளியில் பணியாற்றிய திருவண்ணாமலைச் சகோதரிக்கு: ‘ஒன்று முதல் மூன்று வகுப்பு எடுத்தேன், சொல்ல என்ன இருக்கிறது’ என்று எழுதியிருந்தீர்கள். 2022இல் வந்த தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒரே வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, மூன்று விதமாகப் பாடம் நடத்தியவர் நீங்கள். ஒரே பாடத்தைப் பல நிலைக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பதை இங்கே அடாப்டிவ் டீச்சிங் என்பார்கள். நேர்காணலில் தவறாமல் கேட்கும் கேள்வி அது. மூன்று குழுவுக்கும் ஒரு நாள் என்னென்ன வேலை கொடுத்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்ததையும் தனியாகக் காட்டுங்கள்.

யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு: 2023இல் கியூ.டி.எஸ்.க்கு வழி திறந்த நாடுகளின் பட்டியலில் இலங்கை இடம்பெறவில்லை என்பது எனக்கும் வருத்தம். ஆனாலும் உங்கள் கதவு மூடிவிடவில்லை. பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபின் மதிப்பீடு மட்டும் செய்து தகுதி தரும் வழி ஒன்று இருக்கிறது, பி.ஜி.சி.இ. என்ற ஆசிரியர் பயிற்சிப் படிப்பும் இருக்கிறது. க.பொ.த. உயர்தர இணைந்த கணிதம் கற்பித்திருக்கிறீர்கள். தூய கணிதத்தோடு நிலையியலும் இயக்கவியலும் எடுத்தவர் என்று பாடத் தலைப்புகளை வரிசையாக எழுதுங்கள். ஏ லெவலில் மெக்கானிக்ஸ் பகுதியைக் கற்பிக்க ஆசிரியர் தேடும் எந்தக் கணிதத் துறைத் தலைவரும் அந்த வரியில் நின்று படிப்பார். க.பொ.த. என்று சுருக்கி மட்டும் எழுதாதீர்கள். 16–19 வயது, பல்கலைக்கழக அனுமதிக்கான தேசியத் தேர்வு என்று விரித்து எழுதுங்கள்.

கடைசியாக, காலம். செப்டம்பரில் தொடங்கும் கல்வியாண்டுக்குப் பணியைவிட்டு விலகும் ஆசிரியர்கள் பொதுவாக மே 31க்குள் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டும். அதனால் ஜனவரி கடைசியிலிருந்து மே வரை விளம்பரங்கள் மளமளவென்று வரும். விண்ணப்பிக்கப் பல சமயம் இரண்டு வாரத்துக்கு மேல் அவகாசம் இருக்காது. சி.வி.யையும் பரிந்துரையாளர்களின் ஒப்புதலையும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குள் முடித்து வைத்துக்கொண்டால், ஒவ்வொரு விளம்பரத்தின் தகுதிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் படிவத்தை நிதானமாக நிரப்ப உங்களுக்கு நேரம் இருக்கும்.