ஒரு மீற்றர் சந்து: லண்டனில ஹீற் பம்ப், ஊரில ஏசிப் பெட்டி. உங்கட அனுபவத்தையும் சொல்லுங்கோ

கொக்குவிலில இருந்து:

2025 மாசியில மகளிட்டை லண்டன் போய் நிண்டன். ஹரோவில ஒரு பக்கம் ஒட்டின வீடு, அங்கத்தைய ஆக்கள் "செமி" எண்டுவினம். வீட்டைச் சூடாக்கிற பழைய காஸ் பொயிலரைக் கழட்டிப்போட்டு ஹீற் பம்ப் போடப்போறன் எண்டு ஒற்றைக்காலில நிண்டாள். அரசாங்கம் 7,500 பவுண்ஸ் குடுக்குதாம். படத்தைப் பாத்தால் எங்கட ஏசியின்ர வெளிப்பெட்டியேதான், கொஞ்சம் பெருசு. ஏசி அறைச் சூட்டை எடுத்து வெளியில தள்ளும். இது அந்தக் குளிருக்குள்ள கிடக்கிற சூட்டை இழுத்து வீட்டுக்குள்ள விடும். ஒரு யூனிற் கரண்டுக்கு மூண்டு யூனிற் அளவுக்குச் சூடு தருமெண்டு மருமகன் விளங்கப்படுத்தினார்.

அளக்க வந்த பெடியன் வீட்டுக்கும் மதிலுக்கும் இடையில இருக்கிற சந்துக்குள்ள ரேப்பைப் பிடிச்சுப்போட்டுத் தலையை ஆட்டினான். அப்ப இங்கிலாந்தில இருந்த விதி, பெட்டி காணி எல்லையில இருந்து ஒரு மீற்றராவது தள்ளி இருக்கவேணும். கிட்ட வைக்கிறதெண்டால் கவுன்சிலிட்டை விண்ணப்பம் போடவேணும். அதுக்கு 258 பவுண்ஸ், எட்டுக் கிழமை, அயலட்டைக்கெல்லாம் கடிதம். பெட்டியின்ர கொள்ளளவும் 0.6 கன மீற்றருக்கு மேல போகக்கூடாது. கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதுக்குத் தலைமுறையா வழக்காடின ஊரில பிறந்தவன் நான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

மகள் "யோசிப்பம், யோசிப்பம்" எண்டு இழுத்தாள். சித்திரை முதலாம் திகதி கட்டணம் 528 ஆகிட்டுது. நான் ஊருக்கு வந்தாப்பிறகும் போனில அதே புலம்பல்தான். பிறகு மே 29 இல விதியையே மாத்திப்போட்டினம். ஒரு மீற்றர் கதை இல்லை, பெட்டி 1.5 கன மீற்றர் மட்டும் இருக்கலாம். தனி வீடெண்டால் ரெண்டு பெட்டியும் வைக்கலாம். ஒட்டு வீட்டுக்கு ஒண்டுதான்.

சந்துக்குள்ளயே வைச்சிருப்பினம் எண்டு நினைச்சியள் எண்டால், இல்லை. எல்லைக் கணக்குப் போனாலும் சத்தக் கணக்குப் போகேல்லை. பக்கத்து வீட்டு அறை யன்னலுக்கு எவ்வளவு சத்தம் போகுமெண்டு பொருத்துற ஆக்கள் கணக்குப் போட்டுக் காட்டவேணும். சுவர் கிட்ட இருந்தால் சத்தம் பட்டுத் திரும்பும். பெட்டியைச் சுற்றி இன்னொரு சுவர் கூடினால் கணக்கில மூண்டு டெசிபல் ஏறும். சந்தெண்டால் ரெண்டு பக்கமும் சுவர், எதிர்ப்பக்கம் அவையின்ர யன்னல். தேறேல்லை. கடைசியில வீட்டுப் பின்சுவரோட, மதிலில இருந்து அரை மீற்றர் தள்ளி வைச்சினம். அங்க இருந்து பாத்தால் அந்த யன்னல் தெரியாது, அதுக்குக் கணக்கில பத்து டெசிபல் கழியுது. விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. என்ர மகளின்ர சோம்பல் அவளுக்கு லாபமாப் போச்சு.

சாவகச்சேரியில இருந்து:

ஐயா, நாங்கள் இஞ்ச அளவு நாடா இல்லாமலே பட்டிட்டம். போன சித்திரை வெக்கைக்கு ஏசி போட்டனாங்கள். பூட்ட வந்தவன் வெளிப்பெட்டியை மதில் பக்கச் சுவரில அடிச்சுப்போட்டுப் போயிட்டான். பக்கத்து வீட்டு மாமி ஒரு மாசம் வாயே திறக்கேல்லை. வழமையா முருங்கைக்காய் குடுத்து விடுறவ, அதை நிப்பாட்டிப்போட்டா. எனக்கு அப்பதான் ஏதோ பிழையெண்டு பட்டது. பிறகு கேட்டால், இரவிரவா "உம்ம்" எண்டு இரையுதாம், சூட்டுக்காத்து குசினிக்குள்ள அடிக்குதாம்.

அவவின்ர மகன் இணக்கசபைக்குப் போவம் எண்டு நிண்டவர். 1996 இல வந்த சத்தக் கட்டுப்பாட்டு விதி ஒண்டு இருக்கு, பிரதேச சபைப் பகுதியில இரவில 45 டெசிபல், மாநகரசபைப் பகுதியில 50 எண்டு அவரே எடுத்துக் காட்டினார். அளக்கிற மெசினுக்கு நான் எங்க போறது? பெட்டியைக் கிணத்தடிப் பக்கம் மாத்தினம். குழாய் நீட்டின செலவும் காஸ் திரும்ப அடிச்ச செலவும் எங்கட தலையில. முருங்கைக்காய் இன்னும் வரேல்லை.

திருநெல்வேலியில இருந்து (ஏசி வேலை, 14 வருசம்):

அக்கா, பாதிச் சத்தம் பெட்டியில இல்லை, அடிச்ச இரும்புத் தாங்கியில. சுவர் முழுக்க அதிரும். கீழ சின்னக் கொங்கிறீற் மேடை கட்டி றபர் வைச்சு இருத்தினால் மாமி நித்திரை கொள்ளுவா. கிடுகாலயோ தகரத்தாலயோ மறைக்கலாம் எண்டு சில பேர் நினைக்கிறவை. கிடுகு சத்தத்தை மறிக்காது, தகரம் தானும் சேர்ந்து பாடும். பருத்தித்துறைப் பக்கம் எண்டால் உப்புக்காத்துக்கு அலுமினியத் தகடு ரெண்டு மூண்டு வருசத்தில பொடியாகும், கடலைப் பாக்க வைக்கவேண்டாம்.

ஹீற் பம்ப் இஞ்சயும் போட்டிருக்கிறன், வீட்டுச் சூட்டுக்கு இல்லை, சுடுதண்ணிக்கு. நல்லூர்ப் பக்கம் ஒரு விடுதி. அதுக்கு வெளியில வாறது குளிர்காத்து. முதலாளி அதைப் பாத்திட்டு "தம்பி, முகப்பைக் குசினிப் பக்கம் திருப்பு" எண்டார். சமைக்கிற அம்மாவுக்கு இப்ப சந்தோசம். ஏசிக்காரனை ஏசாத ஒரே அயல் அதுதான்.

சுன்னாகத்தில இருந்து:

கொக்குவில் ஐயா, என்ர அக்கா லண்டனில மாடிக் குடியிருப்பில இருக்கிறா. அவவும் பெரிய பெட்டி வைக்கலாமோ?

கொக்குவிலில இருந்து:

இல்லைப் பிள்ளை, 1.5 தனி வீட்டுக்கும் செமி மாதிரி ஒட்டு வீட்டுக்கும்தான். மாடிக் குடியிருப்புக்குப் பழைய 0.6 தான். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பட்டியலில இருந்தால் அதுக்கு வேற அனுமதியும் எடுக்கவேணும். முதல்ல கட்டடச் சொந்தக்காரரிட்டைக் கேக்கச் சொல்லுங்கோ, அதுக்குப் பிறகு கவுன்சில். மகளிட்டை விசாரிச்சுத்தான் எழுதுறன், அவள் இப்ப இதில வக்கீல் மாதிரி.