ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்: என்ன பார்த்தீர்கள், என்ன மாற்றினீர்கள்?

சேலம், ஸ்விஃப்ட் பெட்ரோல், 2014 மாடல்

போன மாதம் என் வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "இன்ஜின் எப்படி இருக்கு?" என்றுதான். பத்தாயிரத்துக்கு ஒரு முறை தவறாமல் ஆயில் மாற்றி ஓட்டிய பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு லட்சம் ஒரு வயதே இல்லை. வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட வைக்க இதில் இருப்பது டைமிங் செயின், அதிலும் சத்தம் ஏதும் இல்லை. என் கவலை எல்லாம் சத்தமும் போடாமல், மீட்டரில் விளக்கும் எரியாமல் கெட்டுப்போகிற சாமான்களைப் பற்றித்தான். பிரேக் ஆயில், கூலண்ட், ரப்பர் ஹோஸ், டயர். இந்தத் தடவை பணத்தை அதிலேயே போடுவது என்று முடிவு செய்தேன்.

பிரேக் ஆயிலுக்கு முதல் இடம் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆடி மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை அரப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போவது எங்கள் வழக்கம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பாடு இன்ஜினுக்கு, இறங்கும்போது பாடு பிரேக்குக்கு. இரண்டாவது கியரில் இறங்கினாலும் வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொடத்தான் வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. நூற்றுக்கு நான்கு பங்குகூட ஈரம் ஏற வேண்டாம், அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். கொதித்தால் லைனில் ஆவிக்குமிழி உண்டாகும், பெடல் தரை வரைக்கும் போகும். ஊருக்குள் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. மலை இறக்கத்தில்தான் தெரியும்.

எங்கள் மெக்கானிக் சிரிஞ்சை எடுத்து, பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிக் காட்டினார். காபி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது. பக்கத்தில் புது டின்னை உடைத்து ஒரு மூடியில் ஊற்றினார். அது வெளிர் மஞ்சளில், அடி தெரிகிற மாதிரி இருந்தது. அப்புறம் நான்கு சக்கரத்திலும் ப்ளீடர் நிப்பிளைத் திறந்து, ஒருவர் பெடலை மிதிக்க, தெளிவான ஆயில் வரும் வரை பழையதை வெளியேற்றினார்கள். டப்பாவில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதை ஊற்றினால் போதாது, லைனில் இருப்பதும் வெளியே வர வேண்டும். மணிக்கணக்கில் ஆகிற வேலை இல்லை, செலவும் பெரிதில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை செய்துவிட்டால் போதும்.

அடுத்தது கூலண்ட். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை, பிறகு எதற்குக் கூலண்ட் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமக்கு அதில் வேண்டியது வேறு இரண்டு குணங்கள்: நூறு டிகிரியைத் தாண்டினாலும் சீக்கிரம் கொதிக்காது, உள்ளே துரு பிடிக்க விடாது. துருவைத் தடுக்கும் மருந்து வருடம் ஆக ஆகத் தீர்ந்துவிடும், நிறம் மட்டும் அப்படியே இருக்கும். அளவு குறைகிறதே என்று போர் தண்ணீரை ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். முழுவதும் வடித்து, வண்டியோடு வந்த கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன வகையை மட்டும் ஊற்றச் சொன்னேன். ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்தபோது கிளாம்ப் பக்கத்தில் மெல்லிய வெடிப்பு தெரிந்தது. அதையும் கையோடு மாற்றினோம்.

இவற்றுக்கு முன்பு வேறொரு இடத்தில் எஸ்டிமேட் வாங்கியிருந்தேன். அதில் இன்ஜின் ஃப்ளஷ், கார்பன் கிளீனிங், உள்ளே நுரை போட்டுக் கழுவுவது என்று வரிசையாக இருந்தது. பிரேக் ஆயில் மட்டும் இல்லை! புத்தகத்தில் இல்லாத வேலைக்கு என் பணத்தைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீங்கள் எல்லாம் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். முக்கியமாக, டீசல் வண்டி வைத்திருப்பவர்கள்.

மதுரை, பழைய டீசல் எஸ்யூவி

அண்ணா, உங்களுடையது செயின் வண்டி. செயினுக்குப் பதிலாக ரப்பர் டைமிங் பெல்ட் இருக்கிற வண்டிக்காரர்களுக்கு ஒரு லட்சம் என்பது வேறு கதை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா மகன் ஒரு டீசல் எஸ்யூவியைப் பழையதாக வாங்கினான். மீட்டர் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தது. பெயின்ட் பளபளப்பு, டயர் புதிது, உள்ளே சீட் கவர் புதிது. டைமிங் பெல்ட் மாற்றியிருக்கிறதா என்று கேட்டதற்கு விற்றவர் "எல்லாம் பார்த்தாச்சு தம்பி" என்றார். பில் எதுவும் கொடுக்கவில்லை. குடும்பத்தோடு திருச்சி போகும்போது, விராலிமலையைத் தாண்டி, நல்ல வேகத்தில் வண்டி அப்படியே அணைந்துவிட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஓரமாக உருட்டி நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் எந்தப் பிடிப்பும் இல்லாமல் சர்ரென்று சுற்றியது. டோ பண்ணிக் கொண்டுவந்து கவரைத் திறந்து பார்த்தபோது பெல்ட்டின் பற்கள் ஒரு பக்கமாக உரிந்து கிடந்தன.

பெல்ட் நின்ற கணத்தில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், பிஸ்டன் மட்டும் மேலே ஏறும். திறந்தபடி நிற்கிற வால்வு மேல் பிஸ்டன் இடிக்கும், வால்வு வளையும். அவனுடைய வண்டியில் நடந்தது அதுதான். ஹெட்டை இறக்கி, வளைந்த வால்வையும் கைடையும் மாற்றி, ஹெட் கேஸ்கட் போட்டு எடுத்தார்கள். அந்தச் செலவில் பெல்ட்டைப் பல தடவை மாற்றியிருக்கலாம். லாரி பின்னால் ஒட்டி வராததால் பிள்ளைகள் பத்திரமாக வீடு வந்தார்கள், எனக்கு அதை நினைத்தால்தான் இன்னும் பதறுகிறது.

அதனால் உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்டா செயினா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மாருதியில் வந்த 1.3 டீசல் செயின். டஸ்டரில் வந்த 1.5 டீசல் பெல்ட். பழைய இன்னோவா 2.5 டீசலும் பெல்ட்தான், ஆனால் அதில் மாற்றும் நேரம் வந்தால் மீட்டரிலேயே ஒரு விளக்கு எரியும். எல்லா வண்டியிலும் அந்த வசதி கிடையாது. பில் இல்லாமல் பழைய வண்டி வாங்கினால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், ஐட்லர் உருளைகள் எல்லாம் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட் சுற்றுகிறது என்றால் அதையும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பம்ப் ஒழுகும்போது அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டிவரும்.

சென்னை, கால் டாக்ஸி, டிசையர் டீசல்

எனக்கு ஒரு லட்சம் எப்போதோ போய்விட்டது சார். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: கிலோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஏர்போர்ட்டில் ஏசியைப் போட்டு நிற்கிற நேரம், கிண்டி சிக்னலில் நிற்கிற நேரம் எல்லாம் மீட்டரில் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். நின்று நின்று போகிற வண்டிக்கும் தூசியில் ஓடுகிற வண்டிக்கும் பல கம்பெனிப் புத்தகங்களில் தனி அட்டவணையே போட்டிருக்கிறார்கள், யாரும் அந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை. நான் ஆயிலைப் பத்தாயிரத்துக்கு முன்பே மாற்றிவிடுவேன். டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரையும் மழைக்காலத்தில் தவறாமல் வடித்துவிடுவேன். வண்டி நின்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது.

கோவை, சொந்தமாக ஒர்க்‌ஷாப்

சேலம் சார் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. லட்சம் தாண்டிய வண்டி உள்ளே வந்தால் நான் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஓனரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பேன். மூன்றாவது கியரில் மேட்டில் மிதிக்கும்போது ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு தேய்ந்திருக்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஒரு பக்கம் மட்டும் டொக் டொக் என்றால் பெரும்பாலும் சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராட். பிரேக் பிடித்ததும் வண்டி ஒரு பக்கமாக இழுத்தால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷையும் பார்ப்பேன். சத்தம் எங்கே என்று தெரியாமல் முன்பக்க சஸ்பென்ஷனை மொத்தமாக மாற்றுவது தொழிலுக்கே அவமானம்.

யாரும் சொல்லாத ஒன்று, கியர் ஆயில். மேனுவல் கியர்பாக்ஸில் அதை எத்தனையோ பேர் வாங்கிய நாளிலிருந்து தொடுவதே இல்லை. மாற்றும்போது புத்தகத்தில் ஜிஎல்-4 என்ற வகை போட்டிருந்தால் ஜிஎல்-4 மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஜிஎல்-5 உயர்ந்தது என்று நினைத்து ஊற்றுகிறார்கள், அதிலிருக்கும் கந்தகச் சேர்மானம் சில கியர்பாக்ஸ்களில் கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை அரிக்கும். அப்புறம், மாற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. வருகிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள்.

தூத்துக்குடி, அப்பாவின் கார்

எங்கள் வண்டி பத்து வருடம் ஆகியும் நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது. டயரில் பட்டன் அப்படியே இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள். அப்பா "இன்னும் லட்சமே ஆகலையே" என்கிறார். இதற்கெல்லாம் நாங்கள் காத்திருக்கலாமா அண்ணா?

சேலம், ஸ்விஃப்ட் பெட்ரோல்

காத்திருக்க வேண்டாம்மா. ரப்பருக்குக் கிலோமீட்டர் தெரியாது, வெயிலும் வருடமும்தான் கணக்கு. டயரின் பக்கவாட்டில் DOT என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வருகிற வரிசையில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2315 என்றிருந்தால் 2015-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெடிப்பு விட்ட பத்து வருட டயரில் நாற்கரச் சாலையில் போகவே கூடாது, அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பிரேக் ஆயில், கூலண்ட் இரண்டும் வருடக் கணக்குதான். பெல்ட் வண்டியாக இருந்தால் அதற்கும் புத்தகத்தில் வருடம் போட்டிருக்கிறதா என்று பார்த்து, இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றிவிடுங்கள். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னியின் எண்ணையும் மறக்காமல் பாருங்கள், அதுவும் அதே வயதுதான் இருக்கும்.