புதுப்பிப்பு: குமுளி இறக்கத்தில் கத்திய பிரேக்

குமுளி மலையிலிருந்து லோயர் கேம்ப் இறங்கும்போது காரின் முன்சக்கரத்தில் கீச்சுச் சத்தம், டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் தட்டு), அதை இருபக்கமும் அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றவா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்.

சனிக்கிழமை கம்பத்தில் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். சக்கரத்தைக் கழற்றினால் வெளிப்பக்கப் பேட் 6 மி.மீ. இருக்கிறது. பரவாயில்லையே என்று நினைப்பதற்குள் அண்ணன் உள்பக்கம் டார்ச் அடித்தார். அங்கே 2 மி.மீ. கூட இல்லை! பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசியில் (pin) சேறும் துருவும் ஏறி இறுகிவிட்டதால் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. இத்தனை நாள் சக்கர இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து "இன்னும் ஓடும்" என்று நான் சொன்னது வெளிப்பேடை நம்பித்தான். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்றிவிடுங்கள். தினமும் மலை இறங்குபவர்கள் அதற்கும் முன்பே.

டிஸ்க் தப்பித்தது. குறைந்தபட்சத் தடிமன் 20 மி.மீ. என்று அதிலேயே பொறித்திருக்கிறது, அளந்தால் 21.1. முன்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் பேட் மாற்றி, அந்த ஊசிக்குக் கிரீஸ் போட்டாச்சு.

அப்புறம், பிரேக் ஆயில் குறைகிறதே என்று நான் ஊற்றி வைத்திருந்தேன். புதுப் பேட் போடுவதற்காக, பேடைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஆயில் டப்பா வழிந்தது. பேட் தேயத் தேய ஆயில் மட்டம் இறங்குவது இயல்புதானாம். நன்றாகத் திட்டு வாங்கினேன்.

போன மாதம் கேட்டபோது, பிரேக்குக்கு வேலை குறைய இரண்டாம் கியரில் இறங்கச் சொன்னவருக்கு நன்றி. நேற்று அப்படித்தான் வந்தேன், சத்தமே இல்லை.