கெல்டிக் தெய்வங்களுக்குத் துறை பிரித்து அட்டவணை போடலாமா?

கேள்வி:
அயர்லாந்து, பிரிட்டன், பிரான்ஸ் பகுதிகளில் வாழ்ந்த பண்டைய கெல்ட் மக்களின் தெய்வங்களுக்கு, கிரேக்கத் தெய்வங்களுக்குப் போடுவதுபோல ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். லூ சூரியன், பிரிஜிட் நெருப்பு, செர்னுன்னோஸ் காடு. சரிதானே?

பதில் 1:
லூவைச் சூரியன் என்று போடாதீர்கள். அது 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் ஒட்டிய முத்திரை. அயர்லாந்துக் கதையில் அவன் அரசனின் தாரா கோட்டை வாசலில் நின்று, தான் தச்சன், கொல்லன், வீரன், யாழ்க்கலைஞன், கவிஞன், மருத்துவன் என்று அடுக்குகிறான். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஆள் இருக்கிறது என்கிறான் காவலன். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் இருக்கிறானா என்று கேட்ட பிறகுதான் கதவு திறக்கிறது. எனவே "எல்லாக் கலைகளும்" என்று எழுதுங்கள். ஆகஸ்ட் 1இல் வரும் லூனசா அறுவடை விழாவும் அவன் பெயரில்தான்.

பிரிஜிட்டுக்கு இடைக்கால அயர்லாந்துச் சொற்களஞ்சியம் தருவது கவிதை; அதே பெயருள்ள சகோதரிகள் இருவருக்கு மருத்துவமும் கொல்லுவேலையும். அணையாத நெருப்பு, கில்டேர் ஊரில் இருந்த அதே பெயருள்ள கிறித்தவப் புனிதரைப் பற்றிய செய்தி. இரண்டையும் கலக்கிறார்கள்.

பதில் 2:
செர்னுன்னோஸுக்குக் கதையே கிடையாது. பாரிஸில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிடைத்த, ரோமானியர் காலத்துப் படகோட்டிகள் நிறுவிய கல்தூணில் பெயரும் மான்கொம்புத் தலையும் இருக்கின்றன. "காடு" நம் ஊகம்.

அட்டவணையில் "இடம்", "சான்று" என இரண்டு பத்திகள் சேருங்கள். சூலிஸ் என்ற தெய்வம் இங்கிலாந்தின் பாத் நகர வெந்நீர் ஊற்றுக்கே உரியவள். அங்கே கிடைத்த சுமார் 130 சாபத் தகடுகளில் (தவறு செய்தவரைத் தண்டிக்கும்படி தெய்வத்திடம் எழுதிப் போட்ட உலோகத் தகடுகள்) பெரும்பாலானவை திருட்டுப் புகார்கள்! வெறும் "மருத்துவம்" என்று போட்டால் இது விடுபட்டுப்போகும்.

ஒரே துறை பொருந்துவது எபோனா என்ற பெண் தெய்வத்துக்கு: குதிரைகள். ரோமானியக் குதிரைப்படையும் அவளை வணங்கியது.