முதியோருக்கான குளிசை, பிரஷர் ஆப்: அலாரம் அடிக்குதில்லை, பிரஷர் கணக்கும் ஒத்துவரவில்லை

கேள்வி – வெள்ளவத்தை_டெவ்
65 வயது தாண்டியவர்களுக்காகத் தமிழில் ஓர் அன்ட்ரொயிட் ஆப் செய்கிறோம். குளிசை அலாரம், வீட்டில் பார்க்கும் பிரஷர், நடை எண்ணிக்கை மூன்றும் உண்டு. சில போன்களில் அலாரம் அடிப்பதே இல்லை. ஒரே ஆளுக்குப் பத்து நிமிடத்தில் பிரஷரின் மேல் இலக்கம் 158, பிறகு 136 என்று வருகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் பட்டனுக்குள் தமிழ் அடங்குவதுமில்லை. எங்கே பிழை?

மறுமொழி – அலாரம்_ஆள்
அன்ட்ரொயிட் 14 இல் புதிதாகப் போடும் பெரும்பாலான ஆப்களுக்கு, குறித்த நேரத்துக்கு அலாரம் அடிக்கும் அனுமதி தானாகக் கிடைக்காது. முதல் நாளே கேட்டு வாங்குங்கள். போனை அணைத்துத் திறந்தால் வைத்த அலாரமெல்லாம் அழியும். போன் திறந்தவுடன் ஆப் அவற்றைத் திரும்பப் பதிய வேண்டும். பற்றரி சேமிப்பிலிருந்தும் விலக்கு வாங்குங்கள். வயதாக ஆகக் கீச்சு ஒலிதான் முதலில் கேளாமற் போகும், ஆகவே தடித்த ஒலி வையுங்கள். "போட்டாச்சு" அழுத்திய நேரத்தைப் பெரிதாகக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அதே குளிசை இரண்டாந் தரமும் உள்ளே போகும்.

மறுமொழி – கிளினிக்_கொப்பி
தம்பி, மெஷினைக் குறை சொல்ல முதல் அளக்கிற விதத்தைப் பாருங்கோ. படியேறி வந்த கையோடு அளந்தால் 158 வரத்தான் செய்யும். ஆப்பே 5 நிமிடம் எண்ணட்டும், அதுவரை இலக்கம் பதியும் பெட்டி திறக்கக் கூடாது. முதுகு கதிரையில் சாய்ந்திருக்க வேணும், பாதம் நிலத்தில், கால் மேல் கால் இல்லை, கை மேசையில் நெஞ்சு மட்டத்தில். அதற்கு முந்தின 30 நிமிடம் தேத்தண்ணி, கோப்பி, சிகரெட் வேண்டாம். சலமும் கழித்துவிட்டு வரட்டும். பிரஷர் மெஷினின் பட்டி கைக்குச் சிறிதென்றால் அளவு கூடித்தான் காட்டும். சட்டைக் கைக்கு மேலே சுற்றவும் கூடாது. 1 நிமிட இடைவெளியில் இரண்டு தரம் அளந்து, இரண்டையும் சேமித்துச் சராசரியைக் காட்டுங்கோ. வீட்டு அளவுக்கு எல்லை 135/85. ஒரு தரம் கூடினதும் திரையைச் சிவப்பாக்கினால் அந்தப் பயமே அடுத்த அளவையும் ஏற்றிவிடும். ஆனால் 180/120 க்கு மேல் போய், நெஞ்சு நோ, மூச்சு முட்டு, வாய் குழறுதல், ஒரு பக்கம் பலம் குறைதல் ஏதும் இருந்தால் நேரே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைப்புப் போகிற பட்டன் வேணும். ஏழு நாள் அளவு ஒரே தாளில் அச்சாகட்டும். கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுத்தால் டொக்டர் ஒரு பார்வையில் பார்த்துவிடுவார்.

மறுமொழி – நடை_எழுத்து
ஊன்றுகோல் பிடித்தாலோ மெதுவாக நடந்தாலோ, மணிக்கட்டில் கட்டும் நடை எண்ணும் பட்டி காலடிகளைத் தவறவிடும். காலடியை விட்டு நிமிடத்தை எண்ணுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலசைவு. இந்த வயதுக்கு வாரம் குறைந்தது 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். விழாமல் காக்க உதவுவது அது.

பட்டனுக்கு உயரத்தைக் கட்டிப்போடாதீர்கள். திரை அகலம் முழுக்க விட்டு, இரண்டு வரிக்கு இடம் கொடுங்கள். வரி இடைவெளி இறுகினால் எழுத்துக்கு மேலே வரும் புள்ளியும் விசிறியும் (ி, ீ) வெட்டுப்படும். கை நடுங்குபவர் தட்டுவதைப் போன் நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொள்ளும், அதனால் நீண்ட அழுத்தத்துக்கு எந்த வேலையும் கொடுக்க வேண்டாம்.